மூன்று பூட்டுப் போட்ட மீன் அறை

பழைய சாமான் வாங்கி ஆபிரிக்காவுக்கு அனுப்புகிற வேலையில் சாமான் ஒருநாளும் வாய் காட்டாது. வாய் காட்டுவதெல்லாம் அதைச் சுற்றிக் கூட்டம் போடுகிற மனிசர்தான்.

கோயில் சபை, ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று ஏதாவது ஒரு கூட்டத்தில் குந்தியிருந்து, ஆறிப்போன வடையைப் பிய்த்தபடி, "தலைவர் அவர்களே, ஒரு நிமிசம்" என்ற சத்தம் கேட்டு நொந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் ஆள்தான். ஒரு வித்தியாசம், நீங்கள் இலவசமாக நோகிறீர்கள், எனக்கு அதற்குச் சம்பளம்.

கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்துகொண்டு ஒபிஸ் துடைத்தேன். பிறகு மூடுகிற சாப்பாட்டுக் கடைகளில் பழைய பிரிட்ஜ், அடுப்பு எல்லாம் அடிமட்ட விலைக்கு வாங்கி விற்றேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், ஏமாந்து படித்தது கூட. கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும். இப்போது ரொறொன்ரோவில் ஒரு சின்ன அமைப்புக்குச் சாமான் வாங்கிக் கப்பலேற்றுவது என் வேலை. ஆபிரிக்காவின் சின்ன ஊர்களோடு கூட்டுச் சேர்ந்து அபிவிருத்தி, நல்லாட்சி என்று பாடுபடுகிற அமைப்பு. அங்கே நான் பட்டதில் ஒரு கொஞ்சம் இங்கே.

நேர்முகத்தில்

எங்கள் பணிப்பாளர் டேவிட் ஒரு வெள்ளைக்காரர். கத்தத் தெரியாத மனிசன். நேர்முகத்தில் என்னைப் பார்த்து, "நல்லாட்சி என்றால் உங்கள் அபிப்பிராயத்தில் என்ன?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? ஆனால் அவருடைய மேசையில் ஒரு கப்பல் கம்பனியின் விலைப்பத்திரம் கிடந்தது. என் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

"உந்த விலையோ குடுக்கிறியள்?" என்று என்னை அறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன். பிறகு ஆங்கிலத்திலும் கேட்டேன். அவர் பதில் சொல்ல முதல், பத்திரத்தில் இருந்த இலக்கத்துக்கு என்னுடைய போனில் அடித்தேன். மறுமுனையில் இருந்தவன் முதலில் சிரித்தான். பிறகு மனேஜரைக் கூப்பிட்டான். மனேஜர் முதலில் கத்தினான். பிறகு நான் கத்தினேன். கடைசியில் அவன் சொன்ன புது விலையை நான் பத்திரத்தின் மேலேயே எழுதி டேவிட் பக்கம் தள்ளினேன். அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அரைவாசி குடித்துவிட்டுச் சொன்னார்: "உங்களை நான் இன்றைக்கு எடுக்காவிட்டால், நாளைக்கு நீங்கள் அவனுடைய கம்பனியில் இருப்பீர்கள் என்று பயமாக இருக்கிறது."

அமாயி எஸ்தர்

மலாவியில் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் ஒரு சின்ன ஊர். மீன் வாங்கிக் காயவைத்து விற்கிற பெண்களின் சங்கத்துக்கு அங்கே எஸ்தர்தான் தலைவி. அமாயி என்பது அங்கே பெண்களைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல், எங்கள் அம்மா மாதிரி. எங்கள் நெத்தலி போல ஒரு சின்ன மீன்தான் அவர்களுக்குச் சோறு போடுவது. வெயிலில் தட்டி போட்டுக் காயவைப்பார்கள். மழை தொடங்கினால் காயாது, மத்தியானத்துக்குள் நாற்றம் தொடங்கிவிடும். இது தெரிந்த நகரத்து லொறிக்காரன் விடிய வந்து, எஞ்சினைக்கூட நிற்பாட்டாமல் ஒரு விலை சொல்லுவான். அதுதான் விலை. வேண்டாம் என்றால் மீனை ஏரியில் கொட்ட வேண்டியதுதான். அடுத்த மழைக்கு முன் ஒரு குளிர் அறை போய்ச் சேர்ந்தால் லொறிக்காரனின் கொட்டம் அடங்கும். சேராவிட்டால் இன்னொரு மழைக்காலமும் அவனுடையது. எங்களுக்கு வந்த வேலை இவ்வளவுதான்.

முதல் வட்ஸ்அப் அழைப்பிலேயே எஸ்தர் ஒரு நிபந்தனை போட்டா. அவ கதைத்தது ஆங்கிலம். நான் என் தமிழில் தருகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. அறைக்கு மூன்று பூட்டு வேண்டுமாம். மூன்று திறப்புச் சாவியும் மூன்று பெண்களிடம் இருக்குமாம். மூவரும் வந்து நின்றால்தான் அறை திறக்குமாம். அவர்களுடைய சேமிப்புப் பெட்டி அப்படித்தானாம். எங்கள் சீட்டு மாதிரித்தான், ஆனால் சீட்டுப் பிடித்தவ ஒருநாள் விடிய வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போக வழியில்லாத சீட்டு.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "மீனுக்கு மூண்டு பூட்டோ? உங்களுக்கு என்ன விசரோ? ஒருத்தி தடிமன் காய்ச்சலெண்டு படுத்தால் என்ன செய்வியள்? அவ்வளவு கள்ளரோ உங்கட ஊரிலை?" என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். எஸ்தர் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து சொன்னா: "சிஸ்டர், பூட்டு கள்ளருக்காக இல்லை. நாங்கள் மூன்று பேரும் சாகும்வரை சிநேகிதிகளாக இருக்க விரும்புகிறோம், அதற்காக."

அபி எழுதுகிற விதம்

எங்கள் ஒபிசில் அபிராமி என்று ஒரு பிள்ளை. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்து, சர்வதேச அபிவிருத்தி படித்தவள். நான் போனில் கத்தும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து அறிக்கை தட்டிக்கொண்டிருப்பாள். மற்ற நாள் அந்த அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் "விசரோ" என்று கேட்டது, "உள்ளூர் நடைமுறைகள் பற்றித் திறந்த மனதுடன் வினவப்பட்டது" என்று இருந்தது. நான் போனை மேசையில் அடித்தது, "கலந்துரையாடல் உற்சாகமாக அமைந்தது" என்று இருந்தது. எஸ்தர் என்னை முகத்துக்கு நேரே அடக்கினது, "பங்காளி தரப்பின் தலைமைத்துவம் வெளிப்பட்டது" என்று இருந்தது.

"எடி பிள்ளை, உது பொய்யெல்லோ?" என்றேன். அபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்ரி, லிட்ரலி இதுக்குத்தான் நான் மாஸ்டர்ஸ் செய்தனான்."

அஜக்ஸ் மண்டபம்

அஜக்சில் ஒரு கலியாண மண்டபம் மூடப்படுகிறது, பின்னால் பெரிய குளிர் அறை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். மண்டபக்காரர் பாலா அண்ணை. குளிர் அறை என்றால் ஏதோ கட்டடம் என்று நினைக்காதேங்கோ. தடித்த பலகைகளைக் கொழுவிக் கொழுவிச் செய்தது, கழற்றி அடுக்கினால் கப்பலில் போகும். குளிராக்குகிற மோட்டரை மட்டும் எஸ்தர் அங்கேயே வாங்குவதாக ஏற்பாடு. இங்கத்தைய மின்சாரம் வேறு, அங்கத்தையது வேறு. அதோடு பழுதானால் திருத்துகிறவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவ பிடிவாதம். நியாயமான பிடிவாதம்தான்.

போனை வீடியோவில் போட்டு, எஸ்தர் பார்க்கட்டும் என்று கல்லாப்பெட்டிக்கு மேல் சாய்த்து வைத்தேன். பிறகு நானும் பாலா அண்ணையும் தொடங்கினோம். நான் பலகையில் கீறல் காட்டினேன். அவர் தன் மகளின் கலியாணச் செலவைச் சொன்னார். நான் காருக்கு நடந்தேன். அவர் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்தேன், மறந்துபோன கைப்பையை எடுக்கிற மாதிரி. அப்போது போனுக்குள்ளிருந்து எஸ்தர், "இறாக்கைகளும் சேர்த்துத்தானே?" என்று கேட்டா. உள்ளே சாமான் அடுக்குகிற இறாக்கைகளைப் பற்றி அதுவரை ஒரு கதையும் இல்லை. பாலா அண்ணை முடியவே முடியாது என்றார். எஸ்தர் தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பின்னால் திரும்பித் தன் பாசையில் ஏதோ சொன்னா. சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் திரைக்குள் முகத்தை நுழைத்து, பாலா அண்ணையைப் பார்த்து ஒரே நேரத்தில் நாக்கை "ச்சு" என்று தட்டிப் பெருமூச்சு விட்டார்கள். செத்த வீட்டில் விடுகிற மாதிரி.

இறாக்கை வந்தது. லைற் வந்தது. வாசலில் தொங்குகிற பிளாஸ்டிக் திரையும் வந்தது. பலகைகளை வான் வண்டியில் ஏற்றும்போது பாலா அண்ணை என் பக்கத்தில் வந்து சொன்னார்: "தங்கச்சி, நீ மட்டும் வந்திருந்தால் நான் தப்பியிருப்பன். நீயும் காசுக்காகத்தான் கத்துறாய், அது எனக்கு விளங்கும். அவையின்ரை பெருமூச்சுக்கு நான் எங்கை போறது?"

விருந்தாளி

பலகைகள் களஞ்சியத்தில் கிடக்க, எங்கள் அமைப்பின் நிர்வாக சபை குறுக்கே விழுந்தது. மூன்று பூட்டுச் சரிவராதாம். பொறுப்பான ஒரு ஆள், ஒரு திறப்பு. அப்போதுதான் பிழை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியுமாம். எஸ்தர், மூன்று பூட்டு இல்லையென்றால் அறையும் வேண்டாம் என்றா. சித்திரைக்குள் சபை முடிவெடுக்காவிட்டால் ஒதுக்கின பணம் வேறு நாட்டு வேலைக்குப் போய்விடும். டேவிட் ஒரு வழி கண்டுபிடித்தார். பங்காளிகள் எங்களிடமும் வந்து பார்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. எழுதினவர்களே மறந்துபோன வரி. எஸ்தரைக் கூப்பிட்டார்.

பனி இன்னும் உருகவில்லை. என் கோட்டைக் கொடுத்தேன், அதன் கை அவவுக்கு நீளம் காணவில்லை, என் மகனின் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தா. ஹோட்டல் வேண்டாம் என்று என் வீட்டிலேயே தங்கினா. என் நெத்தலிச் சொதியை ருசி பார்த்து, உப்பைப் பற்றி என்னோடு சண்டை பிடித்தா. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்; என் வீட்டில் என்னை எதிர்த்துக் கதைக்க ஆளில்லாமல் கனகாலம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச்சங்கத்தின் பொதுக்கூட்டம். தனியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சபைத் தெரிவு. பழைய தலைவர் மைக்கை விடமாட்டேன் என்றார். புதியவர் வயரைப் பிடித்து இழுத்தார். நடுவில் ஒருவர் "ஒழுங்குப் பிரச்சினை! ஒழுங்குப் பிரச்சினை!" என்று கதிரையில் ஏறி நின்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எஸ்தர் வடையைச் சாப்பிட்டபடி, ஒரு நொடியும் கண்ணை எடுக்காமல் பார்த்தா. காரில் ஏறினதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "சிஸ்டர், திரும்பிப் போனதும் எங்கள் மைக்குக்கும் மூன்று பூட்டுப் போடப் போகிறேன்."

சபையில்

அடுத்த நாள் எங்கள் அமைப்பின் சபைக் கூட்டம். நீட்டு மேசை, கண்ணாடிக் கிளாசில் தண்ணீர், எல்லாரும் மெல்லக் கதைக்கிற இடம். சபைத் தலைவி ஓய்வுபெற்ற ஒரு அம்மா, நல்ல மனிசிதான். "எங்களுக்கு உங்கள் மேல் சந்தேகம் இல்லை. பொறுப்புக் கூறல்தான் கேள்வி" என்றா. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலை சூடேறியது. "மழை வரப்போகுது, நீங்கள் திறப்பைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கிறியள்!" என்று மேசையில் கையை ஓங்கினேன். அபி என் கையைக் காற்றிலேயே பிடித்துவிட்டாள்.

எஸ்தர் என்னைப் பார்க்கவே இல்லை. மகனின் பெரிய கோட்டுக்குள் இருந்தபடி ஒரு கதை சொன்னா. கொஞ்சக் காலத்துக்கு முன் வேறு ஒரு நாட்டு அமைப்பு அவர்களுக்குச் சோளம் அரைக்கிற ஆலை ஒன்று கட்டிக் கொடுத்ததாம். ஒரு திறப்பு. பொறுப்பான ஆள் ஒரு கிளாக்கர். கிளாக்கருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்தது. திறப்பும் சட்டைப் பைக்குள்ளேயே மாற்றம் போனது. கடிதம் போட்டார்கள். யாரைக் கேட்பது என்று எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அவரையும் கேட்டார்கள். அவர் தேடுகிறேன் என்றார். கூரைத் தகரம் ஒன்று காற்றில் போயிற்று. யன்னல் போயிற்று.

"இப்ப அந்த ஆலை எப்படி இருக்கு?" என்று தலைவி கேட்டா. எஸ்தர் மிகவும் மரியாதையாகச் சொன்னா: "இப்போது அதற்குள் கோழிகள் அடைகின்றன, மேடம். முட்டை நல்ல முட்டை, நான் குறை சொல்ல மாட்டேன்."

சுவாமி அறைக் கதவு

சபை ஓம், சரி என்றது. ஒரு நிபந்தனையோடு. யாராவது தவறி உள்ளே அகப்பட்டால் கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்க முடிய வேண்டும். நியாயம்தானே, விறைத்துச் சாகிற அறை அது. ஆனால் கதவுக்கு வெளியே மூன்று பூட்டுத் தொங்கினால் உள்ளே இருக்கிறவள் எப்படித் தள்ளுவாள்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி வந்தது. குளிர்க் கதவுக்குப் பூட்டே வேண்டாம். ஒரு ஆள் நிற்க இடம் விட்டு, வெளியே இரும்புக் கம்பிக் கதவு ஒன்று போட்டு, மூன்று பூட்டும் அதற்கு. அகப்பட்டவள் குளிரை விட்டு வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூப்பிடலாம்.

ஸ்காபரோவில் வெல்டிங் வேலை செய்கிற செல்வனிடம் போனேன். வீட்டுப் படிகளுக்குக் கைபிடியும், சுவாமி அறைகளுக்குக் கதவும் செய்கிற பெடியன். என் அவசரத்தில் சொன்னது இவ்வளவுதான்: "மலாவிக்குப் போகுது. ஒவ்வொரு நாளும் விடியப் பெண்கள் வந்து திறக்கிற இடம். மூண்டு பூட்டு. வடிவாய்ச் செய்." அளவைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

எடுக்கப் போனால், கதவு மினுங்குகிறது. கீழே தாமரை. நடுவில் இரண்டு மயில், முகத்தோடு முகம் பார்த்தபடி. மேலே வரிசையாக மணி. "டேய், என்னடா உது? மீன் வைக்கிற அறைக்கு ஆர் உன்னட்டை மயில் கேட்டது?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கராஜ்காரன் எட்டிப் பார்த்தான். செல்வனின் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த முகமூடியை மெல்லக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "மீனுக்கே அக்கா? நான் ஏதோ அம்மன் கோயிலாக்கும் எண்டு, முடியும்வரைக்கும் மச்சம் மாமிசம் விட்டெல்லோ செய்தனான்!"

கலியாணம்

மயிலும் மணியும் அப்படியே போயின. மாற்ற நேரமில்லை. மொசாம்பிக் துறைமுகத்தில் இறங்கி, லொறியில் ஏறி, நான் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவனைப் போனில் திட்டி, ஒருமாதிரி மழைக்கு முன் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. மோட்டரை எஸ்தர் தானே பேரம் பேசி வாங்கிப் பொருத்துவித்தா. பிறகு மழை தொடங்கியது. எனக்கு அந்தக் கிழமை முழுக்க, இயங்குமா, கரண்ட் நிற்குமா, லொறிக்காரன் என்ன செய்வான் என்று ஒரே யோசனை.

ஒருநாள் விடிய நான் தேத்தண்ணி குடிக்கும்போது எஸ்தரின் வீடியோ வந்தது. அங்கே பின்னேரம். மழை கொட்டுகிறது. கூரைக்குக் கீழே எங்கள் கம்பிக் கதவு, மயில்கள் நனையாமல் நிற்கின்றன. மூன்று பூட்டும் பூட்டினபடி. வெளியே லொறி. கவிழ்த்துப்போட்ட வாளியில், தலைக்குப் பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு லொறிக்காரன். காலமை தொடக்கம் காத்துக்கொண்டிருக்கிறானாம். இரண்டு திறப்பு இருக்கிறது. மூன்றாவது திறப்பு வைத்திருக்கிற மேர்சி பக்கத்து ஊருக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டாவாம்.

"நான் அப்பவே சொன்னனானெல்லோ! மூண்டு பூட்டு, மூண்டு பூட்டெண்டு! அவன் போயிட்டானெண்டால் மீனை என்ன செய்வியள்? உடையுங்கோ அமாயி! கம்பியை வெட்டுங்கோ!" என்று கத்தினேன். எஸ்தர் போனை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தா. "ஏன் உடைக்க? மீன் உள்ளே குளிராக, சுகமாக இருக்கிறது. நனைகிறது அவன்தான். அடிக்கடி எழும்பி வந்து, மேர்சி வந்துவிட்டாவா என்று கேட்கிறான். கேட்கிற ஒவ்வொரு தடவையும் கூட்டி ஒரு புது விலை சொல்கிறான். காலையில் சொன்னதை இப்போது அவனே மறந்துவிட்டான்" என்றா.

நான் வாயை மூடினேன். அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அப்போதுதான் திரையின் ஓரத்தில் பார்த்தேன். எஸ்தருக்குப் பின்னால், வீட்டுக்குள், ஒரு பெண் நிலத்தில் சப்பணம் கொட்டியிருந்து கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தா. கழுத்தில் சிவப்புக் கயிறு, கயிற்றில் ஒரு திறப்பு. அஜக்ஸ் மண்டபத்துப் பெருமூச்சில் ஆகப் பெரிய பெருமூச்சு விட்ட முகம். மேர்சியேதான். என்னைக் கண்டு கை காட்டினா.

"அமாயி," என்றேன், குரலைத் தாழ்த்தி, "அப்ப உது ஆரின்ரை கலியாணம்?"

எஸ்தர் ஒருமுறை லொறிக்காரனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போனைக் கிட்டக் கொண்டுவந்து சொன்னா: "இன்னும் முடிவு செய்யவில்லை, சிஸ்டர். அவன் இன்னும் ஒரு விலை சொல்லட்டும், பிறகு மாப்பிள்ளை பார்க்கிறோம்."

சர்வதேசக் கூட்டாண்மை என்றால் என்னவென்று இனி யாராவது என்னைக் கேட்டால் சொல்லுவேன்: நாங்கள் குளிரை அனுப்பினோம், அவர்கள் ஆறுதலாக இருந்து பேரம் பேசினார்கள், இதற்குள் தேவையில்லாமல் கத்திக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.